என் தம்பி பார்த்த மலைக்குருவி

போன வருஷம் சித்திரை மாதம், பாகூர் கடைத்தெருவில் இருக்கும் என் ஜெராக்ஸ் கடையில் நடந்தது இது. ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் ஏதோ விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் என்று நாலைந்து பேர் அவசரமாக நின்றிருந்தார்கள். மெஷினில் பேப்பர் வேறு சிக்கிக்கொண்டது. அந்த நேரம் பார்த்துத் தம்பி போன் செய்தான்.

தம்பி ராணுவத்தில் இருக்கிறான். வடக்கே, மரமே முளைக்காத உயரத்தில், இடுப்பளவுப் புதர்கள் மட்டும் இருக்கும் ஒரு மலை முகாம். வாரம் ஒருமுறை சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு ஏறி வந்து பேசுவான். சாப்டியா, அம்மா எப்படி இருக்கு, அவ்வளவுதான் அவன் பேச்சு. அன்று எடுத்ததுமே குருவி என்றான்.

“அக்கா, இங்க ஒரு குருவி வந்துகினு இருக்கு. கருப்புத் தலை, கொண்டை வெச்சிருக்கு. வாலுக்கு அடியில ஒரு மாதிரி செவப்பு. இன்னா குருவிக்கா அது?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாகூர் ஏரிக்குப் பறவை பார்க்கப் போகும் குழுவில் நான் பழம் தின்று கொட்டை போட்டவள். அந்தத் திமிர் எனக்கு எப்போதும் உண்டு.

“அட லூசு! நம்ம கொண்டைக்குருவிடா. வூட்டு முருங்கையில தெனம் கத்துமே! அதுக்கா அம்மாந்தூரத்துலேந்து போன் போட்ட?”

“இல்லக்கா, இது வந்து...”

“பதினஞ்சு வருஷமா ஏரியில சுத்தறது நானா, நீயா? போடா, கடையில கூட்டம்.”

சரிக்கா என்று வைத்துவிட்டான்.

அடுத்த ஞாயிறு போன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. நானே கூப்பிட்டால் சுவிட்ச் ஆஃப். ‘டூட்டியா இருக்கும்’ என்று அம்மா தனக்குத்தானே சொல்லிக்கொண்டே இருந்தது. எனக்கு அப்போதும் உறைக்கவில்லை.

மூன்றாவது ஞாயிறு காலை ஏரிக்கரையில், தம்பியின் குருவிக் கதையை நான் ஜோக்காகச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். திருக்கனூரிலிருந்து பஸ் பிடித்து வரும் என் சிநேகிதி மட்டும் சிரிக்கவில்லை.

“அவ்ளோ ஒசரத்துல கொண்டைக்குருவி ஏதுடி? எவ்ளோ பெருசு இருந்திச்சின்னு கேட்டியா?”

சுருக்கென்றது. எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வந்தவர் ஒரு பறவையைப் பார்த்ததாகச் சொன்னால், யாரும் உடனே பெயரைச் சொல்லக் கூடாது. எவ்வளவு பெரியது, எங்கே உட்கார்ந்திருந்தது, என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்ட பிறகுதான் பறவைப் புத்தகத்தைத் திறக்க வேண்டும். மீறினால் எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும். இந்தச் சட்டத்தைப் போட்டவளே நான்தான்! அன்று நான்தான் டீ வாங்கிக் கொடுத்தேன்.

அன்றிலிருந்து ஒருநாளைக்குப் பத்து தடவையாவது தம்பிக்குப் போன் போட்டிருப்பேன். புதன்கிழமை மதியம், மேட்டுக்கு வந்திருந்தான் போல, ரிங் போனது. கடை ஷட்டரைப் பாதி இறக்கினேன்.

“எவ்ளோ பெருசுடா அது?”

“எதுக்கா?”

“அந்தக் குருவி. நான் பாட்டுக்கு வாய்க்கு வந்தத சொல்லிட்டேன்டா. நீ சொல்லு, கேக்கறேன்.”

மெதுவாக ஆரம்பித்தான். சிட்டுக்குருவியைவிடச் சின்னதாம். புதரின் நுனிக்கிளையில் தலைகீழாகத் தொங்கி மொட்டைக் கொத்துமாம். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கொண்டைக்குருவி எங்கே தலைகீழாகத் தொங்கும்? பட்டாணிக்குருவிதான் அப்படித் தொங்கும். கால் மணி நேரம் பேசினான். என் தம்பி அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை.

கடைசியில்தான் விஷயத்தைச் சொன்னான். கூட இருந்த நண்பனுக்கு உடம்பு முடியாமல் போய், அவனைக் கீழே அனுப்பிவிட்டார்களாம். அதற்குப் பிறகு நாள்கணக்கில் அவன் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. வேலையே வேண்டாம் என்று எழுதிய கடிதம், குருவி என்று போன் செய்த அந்த ஞாயிறு அவன் சட்டைப்பையில் இருந்ததாம். சமையல் கூடாரத்துக்குப் பின்னால் இருக்கும் புதருக்கு வந்த அந்தக் குருவியைப் பற்றி மட்டும் யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்ததாம். எனக்குப் போன் போட்டிருக்கிறான், பாவி.

“லெட்டர இன்னாடா பண்ண?”

“இன்னும் குடுக்கலக்கா. பாறை இடுக்குக்குப் பாசி எடுத்துகினு போவுது, கூடு கட்டுது போல. குஞ்சு பொரிக்கறவரைக்கும் பாக்கலாம்னு இருக்கேன்.”

ஷட்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நன்றாக அழுதேன். வெளியே ஆதார் ஜெராக்ஸுக்கு நின்றவர் தட்டிக்கொண்டே இருந்தார்.

குஞ்சும் பொரித்தது. ஒரு மாதம் கழித்து, மங்கலான ஒரு போட்டோ வந்தது. ஏரிக்கரையில் ஆளாளுக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தோம். பட்டாணிக்குருவி ஜாதிதான், உயர்ந்த மலைகளில் மட்டும் இருப்பது. தமிழில் அதற்குத் தனியாகப் பெயர் எதுவும் எங்களுக்கு அகப்படவில்லை. ‘நம்ம ஊர்ல பேரே இல்லாத குருவிய நான் பாத்துட்டேன்’ என்று தம்பிக்கு ஒரே பெருமை. அந்தக் கடிதத்தை அவன் கொடுக்கவே இல்லை. இன்னமும் அங்கேதான் இருக்கிறான், இன்னும் கொஞ்சம் அதிகமாகப் பேசுகிறான்.

எனக்கு எல்லாம் தெரியும் என்று காட்டிக்கொண்ட அந்த அரை நிமிஷத்தில் என் தம்பியைத் தொலைக்கப் பார்த்தேன். ஆனாலும் என்னை நம்பி அவன் மறுபடி வாயைத் திறந்தானே, அந்த நன்றியோடுதான் இன்றைக்கும் அவன் போனை எடுக்கிறேன்.