சளி பிடிக்கக் கூடாத ஆறு வாரங்கள்

டொக், டொக். மேசை மேலிருந்த பிளாஸ்டிக் மண்டையோட்டை டாக்டர் பேனாவால் தட்டிக் காட்டினார். இருபது வருஷமாகியும் அந்தச் சத்தம் காதைவிட்டுப் போகவில்லை. குழந்தையை மண்டை ஆபரேஷனுக்குத் தயார் செய்வதும் ஓர் உத்தியோகம்தான். சம்பளம் கிடையாது, கண்ணில் படுகிறவர்கள் எல்லாம் மேலதிகாரிகள். அதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

மகனுக்கு அப்போது ஏழு மாதம். நாற்பது வயதில் பெற்றேன். மண்டை எலும்புகள் முன்கூட்டியே ஒட்டிக்கொண்டதால் தலை மேல்நோக்கிக் கூம்பிக்கொண்டே போனது. தாமதித்தால் உள்ளே அழுத்தம் ஏறிக் கண் நரம்பு கெடலாம் என்ற டாக்டர், ஆறு வாரம் கழித்துத் தேதி கொடுத்தார். "அதுவரைக்கும் சளி மட்டும் பிடிக்கக் கூடாதும்மா. நெஞ்சுல சத்தம் கேட்டா மயக்கம் கொடுக்க மாட்டாங்க."

எதிர்வீட்டு யோசனை

பெங்களூர் அடுகோடியில் எங்கள் எதிர்வீட்டுக் கன்னடக்கார அம்மாள், என்னைக் கேட்காமலே பிள்ளையின் குல்லாயைக் கழற்றிப் பார்த்தார். வயிற்றிலேயே வந்த கோளாறு என்று சொல்லி ஸ்கேன் படத்தை நீட்டினேன். அதை வாங்காமலே சொன்னார்: "தினம் எண்ணெ போட்டு ஒத்தி விட்டிருந்தா உருண்டையா வந்திருக்கும். காலேஜ் ஓதினவங்க, இதுகூட கொத்தில்லவா, தெரியாதா உங்களுக்கு?"

பூட்டிய தூபக்கால்

வேலூரிலிருந்து மாமியார் ஒத்தாசைக்கு வந்தார். பிள்ளையைக் குளிப்பாட்டியதும் சாம்பிராணி போடுவது அவருக்கு மூச்சுவிடுவது மாதிரி. புகை நெஞ்சுக்கு ஆகாது என்று சொல்லிப் பார்த்தேன். இரண்டாம் நாளும் புகை கிளம்பியது. தூபக்காலைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினேன். என் கணவர் பேப்பருக்குள் முகத்தை மறைத்துக்கொண்டார். மாமியார் அவரைக் காட்டிச் சொன்னார்: "இந்தப் புகையிலதான் இவன் வளர்ந்தான். செத்தா போயிட்டான்?"

ஒரே குரூப்

ரத்தம் கொடுக்க ஆள் வேண்டும் என்றது ஆஸ்பத்திரி. கணவரின் சித்தப்பா மகனுக்குப் பிள்ளையின் அதே குரூப். "உயிரையே கொடுப்பேன் அண்ணி" என்றவன், கொடுக்க வேண்டிய நாளன்று காலை போன் செய்தான். கடைசியில் முகம் தெரியாத யாரோதான் கொடுத்தார்கள். அவன் போனில் சொன்னது: "எனக்கு ஒண்ணுமில்ல அண்ணி. அம்மாதான், கல்யாணம் ஆகாத பையன், வேணாம்கிறாங்க."

கடைசிக் குளியல்

ஆபரேஷனுக்கு முந்தின நாள். மாமியார் கோயிலுக்குப் போயிருந்தார். பிள்ளையைக் குளிப்பாட்டித் தலை துவட்டினேன். நாளை இந்தக் காதிலிருந்து அந்தக் காது வரை திறப்பார்கள். ஊர் சிரித்த தலைதான். ஆனாலும் நான் பெற்ற தலை. இதே தலையாக இனி என் மடிக்கு வராது. ஒரே ஒரு தடவை அந்த ஈர முடியில் சாம்பிராணி வாசனை பிடிக்க வேண்டும் போலிருந்தது. பீரோவை நானே திறந்தேன். ஒரே ஒரு சிட்டிகை. பிள்ளை இரண்டு முறை இருமினான்.

மறுநாள் காலை மயக்க டாக்டர் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். "வீட்ல புகை ஏதாவது?" கணவர் தன் அம்மாவைப் பார்த்தார். நான்தான் போட்டேன் என்றேன். தேதி போயிற்று. ஆட்டோவில் ஏறியதும் மாமியார் சொன்னார்: "நான் போட்டிருந்தா இந்நேரம் என்னை வேலூர் பஸ் ஏத்தியிருப்பே."

இரண்டாம் தேதி

அடுத்த தேதி கிடைக்க ஏழு வாரம் ஆயிற்று. அதற்குமுன் கண்ணைச் சோதித்த டாக்டரம்மாவுக்குப் பழைய கதை தெரியாது. இடது கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். நரம்பு வீங்கியிருக்கிறது என்றார். பழைய சீட்டைப் புரட்டியவர் நிமிர்ந்து சாதாரணமாகத்தான் கேட்டார்: "போன தேதியிலயே செஞ்சிருக்கலாமே, ஏன் விட்டீங்க?"

அந்த ஏழு வாரத்தால்தான் என்று எந்த டாக்டரும் சொன்னதில்லை, இல்லையென்றும் சொன்னதில்லை. என் மகனுக்குத் தலை அழகாக அமைந்துவிட்டது, இடது கண்ணில்தான் பார்வை இல்லை.