தங்கமணி வீட்டு முட்டை

மலேசியாவில், கிள்ளானை அடுத்த மேரு பக்கம் ஒரு பெண் வயதுக்கு வந்துவிட்டால், சேதி தாய்மாமனுக்குப் போகிறதோ இல்லையோ, தங்கமணிக்குப் போய்விடும். "அக்கா, முட்டை வேணும்க்கா" என்று போனில் ஒரு குரல் கேட்டால் போதும். மறுநாள் விடிந்ததும் பிஸ்கட் டின்னில் அரிசியைப் பரப்பி, அதற்குள் முட்டைகளைப் புதைத்து, மோட்டார் சைக்கிளின் முன்கூடையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். காசு வாங்கமாட்டாள். நீட்டினால் முகம் சுருங்கிவிடும்.

பதினாறு நாள், காலையில் வெறும் வயிற்றில், ஒரு பச்சை முட்டை. அந்த ஓட்டிலேயே நல்லெண்ணெயை அளந்து அதையும் வாயில் ஊற்றிவிட வேண்டும். அப்போதுதான் பெண்ணின் இடுப்புக்குப் பலம் என்பது கணக்கு. கடை முட்டை ஆகாது. அது ஊசி போட்டு வளர்த்த கோழி, அதில் என்னென்ன விஷமோ யாருக்குத் தெரியும் என்பார்கள். தங்கமணி வீட்டு நாட்டுக்கோழிதான் நம்பிக்கை. நாள் முழுக்க மண்ணைக் கிளறி மேய்கிற கோழி அல்லவா.

தங்கமணிக்கு ஐம்பத்தாறு வயது. தமிழ்ப்பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் சமையல். கணவர் இறந்து ஆறு வருஷம் ஆகிறது. ஒரே மகன் தனேஷ், கல்யாணம் முடித்து செமினியில் வீடு வாங்கிப் போய்விட்டான். பெண் குழந்தை இல்லாத குறையை ஊரார் பெண்களின் இடுப்பைப் பலப்படுத்தித் தீர்த்துக்கொண்டாள் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். சொன்னால் அவளே சிரிப்பாள். ஆனால் ஒவ்வொரு சடங்கிலும், கணவனை இழந்தவள் என்றும் பார்க்காமல், மேடை ஏறி நலங்கு வைக்க அவளைக் கூப்பிடும்போது, அந்த நடையைப் பார்க்க வேண்டும். அவளுக்கு ஊரில் கிடைத்த ஒரே மரியாதை அதுதான். அதைச் சின்னதென்று நினைக்கிறவர்கள், மரியாதை தாராளமாகக் கிடைத்து வளர்ந்தவர்களாக இருப்பார்கள்.

ஒரு மார்கழியில் வந்த பெருவெள்ளத்தில் அவள் வீட்டுப் பின்கட்டு முழங்காலளவு முங்கியது. ஒன்பது கோழிகள் செத்தன. தண்ணீர் வடிந்த பிறகும் கொல்லை சேறாகவே கிடந்தது. மண் கொட்டி மேடாக்கினால்தான் கோழி தங்கும் என்ற நிலை. லோரி ஓட்டுகிற வாசு, "அக்கா, மூணு லோரி மண்ணு சும்மாவே கிடைக்குது. கொண்டாந்து தட்டவா?" என்றான். தொழிற்பேட்டையில் மூடிப்போன ஒரு பட்டறை. பழைய கார் பேட்டரிகளை உடைத்து உள்ளே இருப்பதை உருக்கிக்கொண்டிருந்த இடம். முதலாளி கதவைப் பூட்டிவிட்டு எங்கேயோ போய்விட்டார். இடத்தைச் சுத்தம் செய்ய எடுத்தவர்கள், மண்ணை எங்கே கொட்டுவது என்று ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள்.

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களா? தங்கமணி பார்க்கவில்லை. மூன்று லோரி போதாது, நான்காவதும் வேண்டும் என்று வாசுவிடம் கெஞ்சியவளே அவள்தான். கறுப்பும் சாம்பலுமாக, நொறுநொறுவென்று, தண்ணீர் நிற்காத மண். கோழிகளுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. படுத்துப் புரண்டன, கிளறின, கொத்தின. எண்ணிக்கை இருபதைத் தாண்டியது. முட்டைக்குப் பஞ்சமே இல்லை.

மூன்று வருஷம் கழித்து ஒரு சனிக்கிழமை ஏமி வந்தாள். கிள்ளானில் பிறந்த பெண், முப்பது வயதிருக்கும், பல்கலைக்கழகத்தில் பொது சுகாதாரம் பார்க்கிறவள். பழைய பட்டறையைச் சுற்றியுள்ள கம்பத்து வீடுகளில் மண்ணும் முட்டையும் எடுத்துச் சோதிக்கிறோம் என்றாள்.

"ஆன்டி, ஒரு ஆறு முட்டை கிடைக்குமா?"

"ஆறு என்னம்மா ஆறு, பன்னெண்டா எடுத்துட்டுப் போ." தங்கமணி பெரிதாகப் பார்த்துப் பொறுக்கி, ஒவ்வொன்றையும் கழுவித் துடைத்து, அரிசி டின்னிலேயே வைத்துக் கொடுத்தாள். பல்கலைக்கழகத்துக்கே தன் வீட்டு முட்டை போகிறதென்று சிற்றுண்டிச்சாலையில் இரண்டு நாள் அதே பேச்சு.

ஒரு மாதத்தில் ஏமி திரும்பி வந்தாள். டின்னையும் கொண்டுவந்தாள். உட்காரச் சொன்னதும் உட்காராமல், கொல்லைப் பக்கம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ஆன்டி, இந்த முட்டைய இனிமே யாரும் சாப்பிட வேணாம். ஈயம் இருக்கு, காரீயம். ரொம்ப இருக்கு. அந்த மண்ணுல இருந்து வருது."

"மண்ணுல இருந்து முட்டைக்கு எப்படிம்மா?"

"கோழி மண்ணத்தானே கிளறித் தின்னுது. அதோட உடம்புக்குப் போவுது, அங்கேர்ந்து முட்டைக்கு வருது. வாடை வராது, ருசி மாறாது. அவிச்சாலும் போவாது."

"சாப்பிட்டா என்ன ஆவும்?"

"பெரியவங்களுக்கும் கெடுதல்தான். ஆனா சின்னப் பிள்ளைங்களுக்கு மூளையிலயே கை வைக்கும் ஆன்டி. காய்ச்சல் மாதிரி வெளிய காட்டாது. படிப்பு ஏறாது, ஒரு இடத்துல கவனம் நிக்காது. வீட்டுல சோம்பேறின்னு திட்டுவாங்க, அவ்வளவுதான். ஈயம்னு யாருக்குத் தோணும்?" ஏமி நோட்டைத் திறந்தாள். "இந்த முட்டைய யாரெல்லாம் சாப்பிடுறாங்க?"

தங்கமணி மனதுக்குள் எண்ணிப் பார்த்தாள். வெள்ளத்துக்குப் பிறகு பதினோரு வீடு. பதினோரு பெண்கள். கடைசியாக அவளுடைய தங்கை குமுதாவின் மூத்த மகள் கவிஷா. அவளுக்குச் சடங்கு முடிந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பதினாறு நாளோடு விடாமல், உடம்பு தேறட்டும் என்று வாராவாரம் ஒரு டின் அனுப்பிக்கொண்டிருந்தாள்.

"நான் மட்டுந்தாம்மா சாப்பிடுறேன்" என்றாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதென்றால் இதுதான். உண்மையில் தங்கமணிக்கு முட்டை வாடையே ஆகாது. சின்ன வயதிலிருந்து ஒரு ஆம்லெட்கூட அவள் வாயில் பட்டதில்லை. ஏமி நம்பினாள். அப்படியென்றால் உங்களுக்கு ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று சொல்லி, அடுத்த நாளே கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் தங்கமணி தூங்கினாள் என்று சொல்ல முடியாது. அனுப்புவதை மட்டும் நிறுத்திவிட்டாள், கோழி முட்டை போடவில்லை என்று குமுதாவிடம் ஒரு பொய். ஊர்ப் பெண்கள் எல்லாம் நன்றாகத்தானே நடமாடுகிறார்கள், ஒன்றும் ஆகாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லி முடிப்பதற்குள், கணக்குப் பாடத்தில் மகள் பின்தங்கிவிட்டாள் என்று சென்ற வருஷம் ஒரு தாய் சலித்துக்கொண்டது நினைவுக்கு வரும். விஷம் வைத்தவள் என்று பெயர் வாங்கிக்கொண்டு இந்த ஊரில் எப்படி நடமாடுவது? அவளைக் கோழை என்று சொல்லிவிடலாம். ஆனால் கொடுத்த கை அல்லவா அது. வாங்கிய கைக்குக் கோபப்பட உரிமை உண்டு, கொடுத்த கைக்கு அதுகூடக் கிடையாது.

பத்து நாள் கழித்து ஏமி முடிவோடு வந்தாள். "ஆன்டி, உங்க ரத்தத்துல பெருசா ஒண்ணும் இல்ல."

தங்கமணி கையெடுத்துக் கும்பிட்டாள். ஏமியின் முகத்தில் மகிழ்ச்சி இல்லை.

"எனக்குத்தான் புரியல. மூணு வருஷமா இந்த முட்டையச் சாப்பிட்டவங்க ரத்தம் இப்படி இருக்காது. ரிப்போர்ட்டுல இது இப்படியே போனா என்ன சொல்லுவாங்க தெரியுமா? முட்டையில ஈயம் இருந்தாலும் மனுசங்களுக்கு ஒண்ணும் ஆகல, மண்ண அள்ள வேணாம், அக்கம்பக்கத்துப் பிள்ளைங்களுக்கு டெஸ்ட் வேணாம்னு முடிச்சிடுவாங்க."

தன்னுடைய சுத்தமான ரத்தம் அந்தப் பட்டறைக்காரனுக்கு நற்சான்றிதழாகப் போகிறதென்று கேட்டதும் தங்கமணிக்கு முதன்முதலாகக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். கொட்டியவன் மேலும், கொண்டுவந்தவன் மேலும், நான்காவது லோரி கேட்ட தன் மேலும்.

"நான் முட்டையே சாப்பிடுறதில்லம்மா" என்றாள். பிறகு உட்கார்ந்து, பதினோரு பெயரையும் சொன்னாள். ஏமி எழுதிக்கொண்டாள். ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. "நான் போன் பண்ணிச் சொல்லிடவா ஆன்டி?" என்று மட்டும் கேட்டாள்.

"வேணாம். கொடுத்தது நானு. நானே போறேன்."

அந்த வாரம் முழுவதும் பள்ளி விட்டதும் வீடு வீடாகப் போனாள். ஒரு வீட்டில் கேட்டை முகத்துக்கு நேராகச் சாத்தினார்கள். ஒரு வீட்டில் தகப்பன்காரர் போலீசில் சொல்லப்போவதாகக் கத்தினார். இன்னொரு வீட்டில், "நீங்க தெரிஞ்சா குடுத்தீங்க, உக்காருங்கக்கா" என்று மைலோ கலக்கிக் கொடுத்தார்கள். அந்த மைலோவைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை. இப்படிப் பத்து வீடு முடிந்தது. அசலாரிடம் அவமானப்படுவது எளிது. தங்கை வீட்டைக் கடைசிக்கு வைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கிள்ளானில் குமுதாவின் அடுக்குமாடி வீட்டுக்குப் போனாள். கவிஷா பள்ளி வேலையை விரித்துவைத்திருந்தாள். அவளுடைய தங்கை, ஐந்து வயது தேஜா, பெரியம்மா வந்ததும் ஓடிவந்து மடியில் ஏறிக்கொண்டாள். மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டே தங்கமணி எல்லாவற்றையும் சொன்னாள்.

குமுதா உடைந்த குரலில் கேட்டாள். "ஏமிகிட்ட நீ சாப்பிடுறேன்னு பொய் சொன்னியே, அப்பவே எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல? பத்து வீட்டுக்குப் போயிட்டுக் கடைசியாத்தான் என் பிள்ள ஞாபகம் வந்துச்சா உனக்கு?"

"பயந்துட்டேன் குமுதா. உன் முகத்தப் பாக்க பயந்துட்டேன்."

"பதினாறு நாளும் நான் பக்கத்துல நின்னு ஊத்தக்கூட இல்ல. வேலைக்குப் போற அவசரத்துல தட்டுல வச்சிட்டுப் போனேன். நல்ல பிள்ளையா எல்லாத்தயும் குடிச்சி வச்சிருந்தா." குமுதா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

கவிஷா பென்சிலைக் கீழே வைத்தாள். பெரியம்மாவைப் பார்த்தாள், பிறகு அம்மாவை. "அம்மா, நான் குடிக்கல."

இருவரும் திரும்பினார்கள்.

"எனக்கு வாடை பிடிக்கல லா. வாந்தி வந்துச்சி. என்னைத் தனியா உக்கார வச்சிருந்தீங்கள்ல, தேஜா யாருக்கும் தெரியாம வருவா. எனக்குப் புடவை கட்டுனது, பூ வச்சது எல்லாம் பாத்துட்டு தனக்கும் வேணும்னு அழுதா. இதக் குடிச்சா சீக்கிரம் பெரிய பொண்ணு ஆயிடலாம்னு சொன்னேன். தினமும் அவதான் குடிச்சா. அப்புறம் பெரியம்மா அனுப்புன டின்னும் அவளுக்குத்தான் குடுத்தேன்." கவிஷா அழ ஆரம்பித்தாள். "நான் சொல்லியிருக்கவே மாட்டேன். பெரியம்மா சொன்னதாலதான் சொன்னேன்."

தங்கமணி மடியிலிருந்த பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பதினோரு பெயர் சொன்னாளே, அதில் இந்தப் பெயர் இல்லை. கவிஷா சொல்லாவிட்டால், அவள் ரத்தத்தை மட்டும் எடுத்து, ஒன்றுமில்லை என்று எல்லாரும் கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

அன்று மதியமே அவள் மேருவுக்குத் திரும்பி, அந்தப் பத்து வீட்டுக்கும் மறுபடி போனாள். கேட்டைச் சாத்திய வீட்டில் வெளியே நின்றபடியே கேட்டாள். எல்லா வீட்டிலும் ஒரே கேள்வி, "வீட்டுல வேற சின்னப் பிள்ளைங்க அந்த முட்டையக் குடிச்சாங்களா?" மூன்று வீட்டில், குடித்தார்கள் என்றார்கள்.

தேஜாவின் ரத்தத்தில் ஈய அளவு ஒன்பது என்று வந்தது. ஐந்தைத் தொட்டாலே கவனிக்க வேண்டும் என்றார் டாக்டர். மருந்து கொடுத்து வெளியே எடுக்கிற அளவு இல்லை, முட்டையை நிறுத்தியது நல்லது, இரும்புச்சத்தும் பாலும் கொடுங்கள், மூன்று மாதத்தில் மறுபடி பார்க்கலாம் என்றார். மண் இன்னும் கொல்லையில்தான் கிடக்கிறது. எந்த இலாகா அள்ளுவது என்று இலாகாக்கள் ஒன்றுக்கொன்று கடிதம் எழுதிக்கொண்டிருக்கின்றன. கோழிகளைக் கொண்டுபோய்விட்டார்கள்.

மூன்று மாதம் கழித்து, இரண்டாவது பரிசோதனைக்கு வந்திருந்த தாய்மார்களும் பிள்ளைகளுமாகக் கிளினிக் நிறைந்திருந்தது. ஏமிதான் எல்லாருக்கும் ஒரே நாளில் ஏற்பாடு செய்திருந்தாள். குமுதாவுக்கு ஊசியைப் பார்த்தால் தலை சுற்றும். அதனால் தேஜாவைத் தங்கமணி மடியில் வைத்துக்கொண்டு, சட்டைக் கையைச் சுருட்டிவிட்டாள். பிள்ளை அழவில்லை. காதருகே வந்து மெல்லக் கேட்டாள்.

"பெரியம்மா, அக்கா முட்டைய நான் குடிச்சிட்டேன்ல. அதுக்குத்தான் ஊசி போடுறாங்களா?"

தங்கமணி இத்தனை நாளும் வாசலில் நின்று தணிந்த குரலில்தான் பேசியிருந்தாள். இப்போது அவளுக்குக் குரலைத் தணிக்கத் தோன்றவில்லை.

"இல்ல செல்லம். நீ ஒரு தப்பும் பண்ணல. குடுத்தது பெரியம்மா. தப்பு பெரியம்மாவோடது."

உட்கார்ந்திருந்த தாய்மார்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். தங்கமணி தலையைக் குனியாமல், பிள்ளையின் கையை அசையாமல் பிடித்துத் தாதியிடம் நீட்டினாள்.