நீலக் கிளியின் முதுகில் ஒரு சுற்றறிக்கை

மாசி பிறந்துவிட்டால் எங்கள் தெருச் சுவர்களுக்கு ஓய்வே கிடையாது. ‘அட்மிஷன் நடைபெறுகிறது’ என்று ஒவ்வொரு பள்ளிக்கூடமாக வந்து ஒட்டிவிட்டுப் போகும். இன்று காலை பால் வாங்கக் கதவைத் திறந்தால், ஓர் ஆள் வாளியும் மட்டையுமாக என் மதில் சுவருக்குப் பசை தடவிக்கொண்டிருந்தார். அதுவும் ‘விளம்பரம் செய்யாதீர்’ என்று நான் ஆள் வைத்து எழுதியிருக்கும் இடத்தின் மேலேயே. சண்டை போடத்தான் போனேன். அதற்குள் அந்தப் பசை வாசம் மூக்கில் ஏறிவிட்டது. மைதா மாவும் மயில்துத்தமும் சேர்ந்து கொதித்த வாசம், கொஞ்சம் புளிப்பு, கொஞ்சம் கசப்பு. வந்த காரியம் மறந்துபோய், “இந்த ஓரம் தூக்கிக்கிட்டு இருக்கு, நல்லா அமுக்குங்க” என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். வீட்டில் அதற்குக் கிடைத்த வசவைப் பற்றி இங்கே எழுத வேண்டாம்.

அந்த வாசம்தான் எனக்கு முதல் வேலையின் வாசம். சாத்தூருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். இரண்டு அறை, இரண்டு ஆசிரியர், ஒரு வேப்பமரம், அவ்வளவுதான் பள்ளிக்கூடம். ஊரில் பாதிப் பேர் காலையில் கம்பெனி வேனில் ஏறிப் பட்டாசு ஆலைக்குப் போவார்கள். மீதிப் பேர் வீட்டிலேயே உட்கார்ந்து மத்தாப்புக்குக் காலிப் பெட்டி ஒட்டுவார்கள். அதனால் பிள்ளைகள் எல்லாரும் பசை வாசத்தோடுதான் வகுப்புக்கு வருவார்கள். நோட்டைத் திறந்தால் இரண்டு பக்கம் ஒட்டிக்கொண்டு வரும். வீட்டுப்பாடம் எழுதாததற்கு அது நல்ல சாக்கு, நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

நான் அங்கே வாத்தியாராகப் போனதே ஒரு கூத்து. விருதுநகரில் எங்களுக்குப் பருப்பு வியாபாரம். படிப்பு முடிந்ததும் அப்பா என்னைக் கடையில் உட்கார வைத்தார். துவரம்பருப்பு கேட்டு வந்தவரிடம் நான் துவரையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு அடுத்த கடையில் போய் வாங்குவார். கொஞ்ச நாள் பார்த்த அப்பா, சாப்பாட்டு நேரத்தில் அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார்: “இவன் கடையில இருந்தா கடை இருக்காது. வாத்தியாருக்குப் படிக்க வச்சிருவோம். அங்கன பேசுனா யாரும் எந்திரிச்சுப் போக முடியாதுல்ல.”

தலைமையாசிரியையை ஊரே பெரிய டீச்சர் என்று கூப்பிடும். நான் சின்ன வாத்தியார். பெற்றோருக்கு ஏதாவது சொல்ல வேண்டுமானால் பெரிய டீச்சருக்கு ஒரு வழி இருந்தது. விடிந்ததும் கம்பெனி வேன் நிற்கும் இடத்துக்குப் போய்விடுவார். மாசிப் பனியில் காதைச் சுற்றி முந்தானையை இழுத்துக்கொண்டு பெண்கள் தூக்குவாளியோடு நிற்பார்கள். வேன் வருவதற்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிடுவார். நாளைக்குப் பூச்சி மாத்திரை கொடுக்கிறோம், பிள்ளைகளைச் சாப்பிட வைத்து அனுப்புங்கள். அம்மை போட்ட வீட்டுப் பிள்ளைகள் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகு வந்தால் போதும். சத்துணவுத் தட்டில் பேர் வெட்டிக் கொடுங்கள், தினமும் தட்டுச் சண்டை தீர்க்க முடியவில்லை. இவ்வளவுதான். வேன் வந்துவிடும், கதவு சாத்தும் சத்தத்தோடு கூட்டம் முடிந்துவிடும்.

எனக்கு அது பிடிக்கவில்லை. ஆசிரியப் பயிற்சியில் கட்டுரைப் போட்டிக்கு முதல் பரிசு வாங்கியவன் நான். ஒரு கல்வி நிலையத்தின் செய்தியைத் தூக்குவாளிகளுக்கு நடுவே கூவுவதா? முறையாக ஒரு சுற்றறிக்கை அச்சடித்து வீடுதோறும் கொடுக்க வேண்டும் என்று பெரிய டீச்சரிடம் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “அடிங்க சார், யாரு வேண்டாம்னா” என்றார். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று அப்போது எனக்குப் புரியவில்லை, பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த வருஷம் சுற்றறிக்கைக்கு உண்மையிலேயே அவசரமும் இருந்தது. பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தார்கள். ஜூனில் புதிதாகச் சேர்க்கை இல்லாவிட்டால் எங்கள் பள்ளியை அடுத்த ஊர்ப் பள்ளியோடு சேர்த்துவிடுவதாகப் பேச்சு. அடுத்த ஊர் ஒன்றும் தூரமில்லை, கண்ணுக்குத் தெரியும். ஆனால் நடுவில் நான்குவழிச் சாலை. மதுரையிலிருந்து திருநெல்வேலிக்குப் போகிற வண்டி எதுவும் எங்கள் ஊருக்காக வேகம் குறைத்ததில்லை. பெரியவர்களே அந்தச் சாலையைக் கடக்க சாமி கும்பிட்டுவிட்டுத்தான் காலை வைப்பார்கள். ஐந்து வயதுப் பிள்ளை பையைத் தூக்கிக்கொண்டு காலையும் மாலையும் அதைத் தாண்ட வேண்டும்.

சூலக்கரை கலெக்டர் ஆபீசிலிருந்து ஒரு கல்வி அலுவலர் வெள்ளிக்கிழமை மாலை வந்து பார்ப்பதாகத் தகவல் வந்தது. அன்றைக்குப் பெற்றோர் திரண்டு வந்து, எங்கள் பிள்ளைகளை இங்கேதான் சேர்ப்போம் என்று சொன்னால் பள்ளிக்கூடம் பிழைக்கும். அதைத்தான் நான் எழுத வேண்டும். எழுதினேன். முதல் வாக்கியம், ‘கல்வியெனும் பேரொளியைக் கண்ணெனப் போற்றிவரும் மாண்பமை பெற்றோர் பெருமக்களே’ என்று ஆரம்பித்து எட்டு வரி ஓடி, மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு முற்றுப்புள்ளியில் போய் விழும். சாலை வரும் இடத்துக்கு வருவதற்குள் பனி, வசந்தம், குயில் எல்லாம் வந்துவிட்டுப் போயிருக்கும். சாத்தூரில் குயிலை நான் எங்கே பார்த்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அச்சடிப்பதற்கு சிவகாசியில் சித்தப்பா இருந்தார். சின்ன அச்சகம், லேபிள் வேலைதான் அதிகம். தாள் வாங்கித் தர மாட்டேன், கிடக்கிறதை எடுத்துக்கொள் என்று ஒரு கட்டைக் காட்டினார். மத்தாப்புப் பெட்டிக்காக அடித்த லேபிள் தாள்கள். ஒவ்வொரு தாளிலும் வரிசை வரிசையாகக் கிளிப் படம். மையில் என்னவோ குளறுபடி, பச்சையாக வரவேண்டிய கிளி நீலமாக வந்துவிட்டது. கம்பெனி வேண்டாம் என்று சொல்லிவிட்டது. பின்பக்கம் வெள்ளைவெளேரென்று இருந்தது. அதில் என் சுற்றறிக்கையை அடித்துக் கொடுத்தார்கள். மை காயுமுன் நானே எடுத்து முகர்ந்து பார்த்தேன், அப்படி ஒரு பெருமை.

மறுநாள் வகுப்பில் ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தேன். “பத்திரமா கொண்டுபோய் அம்மாகிட்ட குடுக்கணும். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு எல்லாரும் வரணும்னு வாத்தியார் சொன்னாருன்னு சொல்லணும்” என்று சொல்லி அனுப்பினேன். பிள்ளைகள் அப்படியே செய்தார்கள். அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை.

அடுத்த நாள் காலையில் மூன்றாம் வகுப்புக் காளீஸ்வரி ஒரு பையோடு வந்தாள். மேசைமேல் கவிழ்த்தாள். வரிசையாக மத்தாப்புப் பெட்டிகள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு நீலக் கிளி. மூலை பிசகாமல், பசை பிதுங்காமல் அப்படி ஒரு நேர்த்தி. அவளுக்குப் பின்னால் இன்னொரு பையன் ஒரு பையோடு. அவனுக்குப் பின்னால் இன்னொருத்தி. கொஞ்ச நேரத்தில் மேசை நிறைந்து, தரையில் அடுக்க ஆரம்பித்தார்கள். “எங்கம்மா மாதிரிக்கு ஒட்டிக் குடுத்துவிட்டுச்சு சார்” என்றாள் காளீஸ்வரி.

எனக்குப் புரியவே நேரம் பிடித்தது. பொங்கல் முடிந்து சீசன் இன்னும் சூடு பிடிக்காத மாதம் அது. பெட்டி ஒட்டுகிறவர்களுக்கு வேலை இல்லை. அந்த நேரத்தில் சிவகாசியில் சித்தப்பா அச்சகம் வைத்திருக்கும் சின்ன வாத்தியார், ஆளுக்கு ஒரு லேபிள் தாள் அனுப்பி, வெள்ளிக்கிழமை வரச் சொல்கிறார். வேறு என்னவாக இருக்கும்? வாத்தியார் சொந்தமாக ஆர்டர் பிடித்திருக்கிறார், யார் கை சுத்தம் என்று பார்க்க மாதிரி கேட்கிறார், வெள்ளிக்கிழமை வேலையைப் பிரித்துக் கொடுக்கப் போகிறார். அந்த ஊரில் எந்த மனுஷரும் அப்படித்தான் நினைப்பார். வீட்டில் மிச்சம் கிடந்த அட்டையை மடக்கி, தாளைக் கத்தரித்து, என் எழுத்து இருந்த பக்கத்தில் பசையைத் தடவி ஒட்டிவிட்டார்கள். ஒரு பெட்டியைப் பிரித்துப் பார்த்தேன். ‘பேரொளி’ மட்டும் தலைகீழாகத் தெரிந்தது.

பெரிய டீச்சர் ஒரு பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் உடனே வீடு வீடாகப் போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவர் பெட்டியைக் கீழே வைத்தார்.

“வெள்ளிக்கிழமை வரட்டும் சார். வந்தப்புறம் சொல்லிக்கிடலாம்.”

வந்தார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அப்படி ஒரு கூட்டத்தைப் பார்த்ததில்லை. அரை நாள் லீவு போட்டுவிட்டு ஆலையிலிருந்து வந்தவர்கள்கூட இருந்தார்கள். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று சின்னதுகளையும் கூட்டிக்கொண்டு வேப்பமரத்தடி நிறைய உட்கார்ந்துவிட்டார்கள். அலுவலர் ஜீப்பிலிருந்து இறங்கியதும் அப்படியே நின்றுவிட்டார். இந்த ஊருக்குப் பள்ளிக்கூடத்தின் மேல் இவ்வளவு பற்றா என்று என்னிடம் கேட்டார். நான் கண்ணாடியைத் துடைத்தேன். துடைத்ததையே திரும்பவும் துடைத்தேன்.

பெரிய டீச்சர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். எழுந்து நின்றேன். வேலை எதுவும் இல்லை, ஆர்டர் எதுவும் இல்லை, அந்தத் தாளின் பின்பக்கம்தான் விஷயம் என்று திக்கித் திணறிச் சொன்னேன். சொல்லி முடிக்கும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. என் குயிலுக்காக அவர்கள் ஒரு அரை நாளை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். காளீஸ்வரியின் அம்மா பேச்சியம்மாள் முன்வரிசையில் இருந்தார். அவர் ஒட்டிய பெட்டிகள்தான் எல்லாவற்றிலும் அழகு. அவர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

“வேல இல்லன்னா போகுது சார். வந்தது வந்துட்டோம். அதுல என்னதான் எழுதியிருந்தீக? படிங்க, கேப்போம்.”

கையில் மிச்சமிருந்த ஒரு தாளை எடுத்துப் படித்தேன். வசந்தம் வரும்போது ஒரு குழந்தை தூங்கிவிட்டது. பின்வரிசையில் ஒருவர், யாருக்குக் கல்யாணம் என்று பக்கத்தில் இருந்தவரிடம் விசாரித்தார். சிரிப்பு அங்கிருந்து கிளம்பி முன்வரிசைக்கு வந்தது. எனக்கே சிரிப்பு வந்து படிப்பதை நிறுத்திவிட்டேன். பெரிய டீச்சர் எழுந்து, கையை நீட்டிச் சாலையைக் காட்டினார். லாரி ஒன்று போய்க்கொண்டிருந்தது.

“பிள்ளைகள அந்த ரோட்டத் தாண்டி அனுப்புவீகளா? மாட்டீகன்னா அஞ்சு வயசு ஆனதுகள இங்கன சேருங்க. சேக்கலைன்னா இந்தக் கதவச் சாத்திருவாக.”

பேச்சியம்மாள் எழுந்து வந்து, காளீஸ்வரியின் தம்பியை இடுப்பிலிருந்து இறக்கி மேசை முன்னால் நிறுத்தினார். அவனுக்கு ஐந்து வயது ஆக இன்னும் நாள் இருந்தது, பெரிய டீச்சர் அதைக் கேட்கவில்லை. பின்னாலேயே மற்றவர்களும் வந்தார்கள். அந்த வருஷம் பள்ளிக்கூடத்தை மூடவில்லை. எனக்கு மட்டும் ‘ஆர்டர் வாத்தியார்’ என்று பேர் நிலைத்துவிட்டது. தெருவில் போனால், “என்ன சார், லோடு எப்ப வருது?” என்பார்கள். சித்தப்பாவிடம் அந்தப் பெட்டிகளைக் கொண்டுபோய்க் காட்டி, இவர்களுக்கு நிஜமாகவே வேலை கொடுங்கள் என்று கேட்டும் பார்த்தேன். அவர் பெட்டியை மெச்சினார், வேலை கொடுக்கவில்லை.

பிறகு எனக்கு மாறுதல் வந்தது, பெரிய டீச்சர் ஓய்வு பெற்றார். அதற்குப் பிறகு சில வருஷம் தாக்குப்பிடித்த பள்ளிக்கூடம், ஒரு ஜூனில் திறக்கவில்லை. யாரும் சாலையைக் கடக்க வேண்டியிருக்கவில்லை, அதற்குள் ஊருக்குள்ளேயே மஞ்சள் வேன் வந்து பிள்ளைகளை சாத்தூர் இங்கிலீஷ் பள்ளிக்கு அள்ளிக்கொண்டு போக ஆரம்பித்துவிட்டது.

சென்ற வாரம் சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு பெண் கூப்பிட்டாள். காளீஸ்வரி. கையில் மகன், டையும் பூட்ஸுமாக. அம்மா தவறிப் போய் இரண்டு வருஷம் ஆகிறதாம். தம்பி திருப்பூரில். பேசிக்கொண்டே இருந்தவள், தயங்கித் தயங்கி மகனின் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். வழுவழுப்பான தாள், மேலே பள்ளியின் சின்னம், முழுக்க இங்கிலீஷ். படித்தேன். பூச்சி மாத்திரை. சாப்பாட்டு டப்பாவில் பேர் எழுத வேண்டும். அம்மை வந்த பிள்ளைகள் வீட்டில் இருக்கட்டும். பெற்றோர் கூட்டம். எல்லாம் பெரிய டீச்சர் வேனடியில் சொன்னதுதான், ஒரு வார்த்தை கூடுதலாக இல்லை.

“ஒவ்வொரு தடவையும் பக்கத்து வீட்டுல போய்க் கேக்க வெக்கமா இருக்கு சார்” என்றாள். “எங்கம்மா வந்தாப்ல நானும் வேலைய விட்டுட்டுப் போயிருவேன். என்னைக்குன்னு மட்டும் சொல்லுங்க.”

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு என்றே இதிலும் போட்டிருந்தது, சொன்னேன். அவள் அதை மகனிடம் திருப்பிச் சொல்லி, மறக்காமல் ஞாபகப்படுத்தச் சொன்னாள். இதை அவளுக்குப் புரிகிற பேச்சில் சொல்வதற்கென்றே அவள் ஊரில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது.