எழுபது வளைவு மூக்கு

அர்த்தனாரி என்ற பெயரை நான் முதலில் கேட்டபோது அதோடு சேர்ந்து ஒரு தும்மலும் கேட்டது. என் ஒன்றுவிட்ட தங்கை மாராயிக்கு அவன் தலைச்சன். பெயர் வைக்கும் நாளில் தாய்மாமன் குப்புசாமி, குழந்தையின் காதில் மூன்று தரம் பெயர் சொல்ல வேண்டும். இரண்டு தரம் சொன்னார். மூன்றாவதற்குக் குனிந்தபோது பிள்ளை அவர் மூஞ்சியிலேயே தும்மியது. "ஒத்தத் தும்மல் ஆவாது, இன்னொண்ணு போடச் சொல்லுங்க" என்றார், முகத்தைத் துடைத்துக்கொண்டே. பிள்ளை இன்னொன்று போட்டது. நாற்பத்து நான்கு வருடமாகப் போட்டுக்கொண்டேதான் இருக்கிறது.

ஆள் தார் டிரம் மாதிரி இருப்பான். மூக்கு மட்டும் யாரிடமோ இரவல் வாங்கியது போலச் சின்னது. அந்தச் சின்ன மூக்குக்குள் ஒரு குடும்பமே நடக்கிறது. தோளில் தைலம் நனைத்த துண்டு, சட்டைப் பையில் மிளகு, தலைக்கு நொச்சி இலை அடைத்த தலையணை. மூக்கைப் பெண்பிள்ளை போலத்தான் பேசுவான். "இவ இன்னிக்கு கோவமா இருக்கறா, பெரியம்மா. காலையிலிருந்து ஒரு பக்கம் கதவைத் தொறக்கவே இல்ல." அவன் பெண்டாட்டி மேனகா ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள்: "நான் ரெண்டாந்தாரமுங்க. மூத்தவ அந்த மூக்குத்தான்."

எங்கள் கொல்லிமலையின் எடப்புளி நாட்டில் மரவள்ளிக் கிழங்கு ஏற்றி, மினி லாரியில் மலையிறங்கி, ஜவ்வரிசி ஆலையில் சேர்ப்பது அவன் பிழைப்பு. இறங்கும் பாதையில் எழுபது வளைவு. ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டு போர்டு வைத்திருக்கிறார்கள். அவனுக்குப் போர்டு வேண்டாம். "அறுபதுல நெத்தி கனக்கும். ஐம்பதுல கண்ணுக்குக் கீழ யாரோ கட்டைவிரலை வெச்சு அமுக்கறாப்பல இருக்கும். முப்பத்தஞ்சுல ரெண்டு காதும் சாத்திக்கும்." முப்பத்தைந்தில் ஓரங்கட்டுவான். ஒரு வாய் தண்ணீர், மூக்கைப் பிடித்து ஒரு முழுங்கு, காது டப்பென்று திறக்கும். பிறகு இரண்டு மிளகு, நான்கு தும்மல். பின்னால் நிற்கும் பஸ்ஸில் கண்டக்டர் எண்ணுவார்: "நாலு ஆச்சு. போலாம் ரைட்."

சின்ன வயதில் மூக்கைப் பிடிக்கிற வேலை அவன் தங்கை கோகிலாவுடையது. மாராயி இரண்டு பேரையும் பேளுக்குறிச்சி சந்தைக்கு பஸ்ஸில் கூட்டிப் போவாள். பன்னிரண்டு வயது அண்ணன் மடியில் நான்கு வயதுத் தங்கை. முப்பத்தைந்து வந்ததும் அவள் திரும்பி, இரண்டு விரலால் அவன் மூக்கை இறுக்கி, "முழுங்குடா!" என்று கத்துவாள். அண்ணனை அவள் டா போட்ட இடம் அது ஒன்றுதான். மாராயியும் கண்டுகொள்ள மாட்டாள், காது திறந்தால் போதும் என்று.

அந்தக் கோகிலாவை நம்மூர்த் தனபாலுக்குக் கொடுத்தது. போர்வெல் லாரிக்கு உதிரிச் சாமான் விற்கும் கடை வைத்து, அகமதாபாத்தில் குடியேறிவிட்டான். அவள் பிள்ளைகளின் காதுகுத்தை இங்கே குலசாமி முன்னால் வைக்கக் கூடாதா என்று நீங்கள் கேட்பீர்கள். தனபாலின் அம்மா அத்தாயிக்கு முழங்கால் போய்விட்டது, அவளும் மகனோடு அங்கேதான். "முடியை அங்க கொண்டுபோயி எறக்குங்க, காதை என்ற கண்ணு முன்னால குத்துங்க" என்று பங்கு போட்டுவிட்டாள்.

மூத்த பெண் யமுனாவுக்குக் காது குத்தியபோது அர்த்தனாரி முதல் முறையாக பிளைட் ஏறினான். ஏறியதும் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டான். விழித்தபோது நெற்றியில் ஆணி இறங்கிக்கொண்டிருந்தது. "எறங்குறான்னே தெரியலீங்க பெரியம்மா. வானத்துல ஏது போர்டு?" மறுநாள் மடியில் பிள்ளை, பத்தர் கையில் ஊசி, சுற்றிலும் சாம்பிராணி. சரியாக அந்த நொடியில் தும்மினான். யமுனாவுக்கு இன்றைக்கும் ஒரு கம்மல் நேராக நிற்கிறது, மற்றது முதுகுப் பக்கம் யார் வருகிறார்கள் என்று பார்க்கிறது.

இந்த ஆவணியில் இரண்டாவது பிள்ளைக்கு முகூர்த்தம். நான்கே நாள் இருக்கும்போது நாள் குறித்தார்கள். ரயிலில் இடமில்லை. தனபால் பிளைட் டிக்கெட்டைப் போனில் அனுப்பிவிட்டான். பின்னாலேயே கோகிலா கூப்பிட்டாள். நான் பக்கத்தில்தான் மிளகு உருவிக்கொண்டிருந்தேன்.

"அண்ணா, மூக்கு எப்படி இருக்குது?"

"இருக்குது."

"இந்தத் தடவையும் தும்முறாப்பல இருந்தா முன்னாலேயே சொல்லீரு. எங்க கொழுந்தனார் ரமேஷ்குமார் மடியில உக்கார வெச்சுக்கறேன். எங்க அத்தை அதைத்தான் சொல்லுது."

போன் வைத்த பிறகு அவன் வெகுநேரம் தும்மவில்லை. தாய்மாமன் இருக்கும்போது சித்தப்பன் மடியில் காது குத்தினார்கள் என்றால் எங்கள் பக்கம் மாமனைச் செத்தவன் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். நாளைக்கு அந்தப் பிள்ளையின் கல்யாணத்துக்கும் ஓர் ஓரமாகத்தான் பாய் போடுவார்கள்.

செம்மேட்டுக்குப் போய் டாக்டரம்மாவைப் பார்த்தான்.

"சளி இருந்தா பிளைட் ஏறாதீங்க" என்றாளாம்.

"சளி இல்லாத நாளு எனக்கு இன்னும் பொறக்கலீங்களே."

"அப்ப எறங்கறதுக்கு அரை மணி முன்னால இந்த ஸ்பிரேயை மூக்குல அடிங்க. தூங்காதீங்க. முழுங்கிக்கிட்டே இருங்க."

இதுவரைக்கும் சரியாகத்தான் போனது. ஆனால் நொச்சித் தலையணை இல்லாமல் அவன் மலை தாண்ட மாட்டான். சென்னையில் பெட்டிகளைச் சோதிக்கிற இடத்தில் தலையணையைப் பிரித்தார்கள். உள்ளே கொத்துக் கொத்தாகக் காய்ந்த இலை. கொல்லிமலைக்காரன், மூட்டை இலை. அவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. பெரிய அதிகாரி வந்தார்.

"என்னய்யா இது?"

"நொச்சிங்க சாமி. மோந்து பாருங்க, உங்களுக்கும் அடைச்சிருக்குது. பேச்சுலயே தெரியுது."

அதிகாரி மோந்தாராம். இன்னொரு தரமும் மோந்தாராம். "போய்யா" என்று விட்டார், ஒரு கைப்பிடி எடுத்துக்கொண்டு. கிழிந்த தலையணையைக் கட்டிப்பிடித்தபடி, நடந்த வழியெல்லாம் இலை உதிர பிளைட் ஏறினான்.

தூங்கவில்லை. இறங்குவதற்கு அரை மணி இருக்கிறது என்று பணிப்பெண் சொன்னதும் ஸ்பிரேயை அடித்தான். பிறகு கண்ணை மூடி, மனசுக்குள் லாரியை எழுபதாவது வளைவில் கொண்டுபோய் நிறுத்தினான். வளைவுக்கு ஒரு முழுங்கு. வலது திருப்பத்துக்கு வலப்பக்கம் சாய்வு, இடது திருப்பத்துக்கு இடப்பக்கம் சாய்வு. பக்கத்தில் இருந்த பெரியவர் முதலில் முறைத்தாராம். ஐம்பதாவது வளைவுக்குப் பிறகு அவரும் கூடவே சாய ஆரம்பித்தாராம். எல்லாம் ஒழுங்காக வந்தது. முதல் வளைவையும் முடித்து, மலையடிவாரம் வந்துவிட்டது என்று கண்ணைத் திறந்தால் ஜன்னலில் மேகம்.

"வளைவு தீந்துபோச்சு பெரியம்மா, பிளைட்டு இன்னும் வானத்துல நிக்குது! கீழ எடம் இல்லைன்னு சுத்தறானாம். எச்சிலும் தீந்துபோச்சு, தண்ணியும் தீந்துபோச்சு. என்ன பண்றது? மறுக்கா எழுபதுக்கு ஏறுனேன்."

இரண்டாவது தரம் முப்பத்தைந்தில் தன் மூக்கைத் தானே பிடித்து முழுங்கியதில் வலது காது திறந்தது. இடது திறக்கவில்லை. கன்னத்தில் கட்டைவிரல் அமுங்கியபடியே அகமதாபாத்தில் கால் வைத்தான்.

மறுநாள் நடந்ததை நான் போனில் படமாகப் பார்த்தேன். பட்டு வேட்டியில் அர்த்தனாரி மணையில் உட்கார்ந்திருக்கிறான். மடியில் பிள்ளை, இரண்டு கையாலும் தலையைப் பிடித்திருக்கிறான். பக்கத்திலேயே ரமேஷ்குமாரும் பட்டு வேட்டியில், தயாராக. யாரோ சாம்பிராணித் தட்டைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். பத்தர் ஊசியை எடுக்கிறார். அர்த்தனாரியின் மூக்கு விடைக்கிறது. கண் சொருகுகிறது. வாய் திறக்கிறது. "பிள்ளையை வாங்குடா!" என்று அத்தாயியின் குரல் கேட்கிறது. ரமேஷ்குமார் வேட்டியை மடித்துக்கொண்டு ஓர் அடி எடுத்து வைக்கிறான்.

கோகிலா தேங்காய்த் தட்டைத் தாண்டிப் பாய்ந்தாள். மாமியார் பார்க்க, கொழுந்தனார் பார்க்க, அண்ணன் மூக்கை இரண்டு விரலால் இறுக்கினாள்.

"முழுங்குடா!"

முழுங்கினான். பத்தர் ஒரு காது குத்தினார். மறு காதும் குத்தினார். இரண்டும் நேர். பிள்ளை அலறி முடித்து, சர்க்கரை தின்று, சிரிக்கவும் ஆரம்பித்துவிட்டது. படம் முடிகிறவரை அவள் விரல் அந்த மூக்கைவிட்டு எடுபடவில்லை.

திரும்பும்போது ரயிலில் வந்தான். தலையணைக்குப் புது நொச்சி அடைத்தாயிற்று. இன்றைக்கு மரவள்ளி லோடு ஏற்றிக்கொண்டு காலையிலேயே கிளம்பினான். இந்நேரம் முப்பத்தைந்தாவது வளைவில் நிற்பான், பின்னால் பஸ்ஸில் கண்டக்டர் எண்ணிக்கொண்டிருப்பார்.