லேமினேட் செய்த கடிதம்

தெருவில் அவளுக்குப் பட்டப்பெயர் ‘டிகிரி’. டிகிரி வாங்குவதற்கு முன்பே வைத்துவிட்டார்கள். அப்பா சந்தையில் மூட்டை தூக்குபவர், அம்மா சலவைக்கடையில் இஸ்திரி போடுபவள். இரண்டு பேரும் முதுகொடிந்துதான் அவளை வேதியியல் படிக்க வைத்தார்கள்.

படிப்பு முடிந்ததும் ஒரே வாரத்தில் இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று, கட்டணமில்லாமல் மேற்படிப்புக்கு இடம். மற்றது, தண்ணீர்ப் பரிசோதனைக்கூடத்தில் வேலை. எதை எடுப்பது என்று விவரம் கேட்க அந்த வீட்டில் யார் இருந்தார்கள்? அவள் மனம் மேற்படிப்புக்குத்தான் அடித்துக்கொண்டது.

“வந்த வேலைய விட்டுட்டு இன்னும் ரெண்டு வருஷம் படிப்பியா? என் தோள்பட்டை தாங்காதும்மா” என்றார் அப்பா.

அதற்கு மேல் என்ன பேச? வேண்டாம் என்றால் சொல்வதுதானே மரியாதை. நாலு முறை அடித்துத் திருத்தி, மன்னிப்பும் கேட்டுக் கல்லூரிக்கு எழுதிப் போட்டாள். வேலைக் கடிதத்தை அப்பா லேமினேட் செய்து ஆணியில் மாட்டினார். முக்கியமான காகிதங்களுக்கெல்லாம் அந்த வீட்டில் அதுதான் வழக்கம்.

கடிதத்தின் அடியில், சம்மதமானால் கையெழுத்திட்டுப் பத்து நாளில் திருப்பி அனுப்பவும் என்று ஒரு வரி இருந்தது. அவளும் படித்தாள். கூப்பிட்டு வேலை கொடுத்தால் யாராவது மாட்டேன் என்பார்களா, சேரும் அன்றைக்கு வாங்கிக்கொள்வார்கள் என்று இருந்துவிட்டாள் மகராசி.

சேரும் நாளில் புதுச்செருப்பு காலைக் கடிக்க, அப்பாவோடு போனாள். வரவேற்பில் இருந்த பெண் அந்தப் பிளாஸ்டிக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சிரிப்பை அடக்க அவள் பெரிதாக முயலவில்லை.

“உங்க பதிலே வரலையே. அடுத்து இருந்தவங்களுக்குக் குடுத்துட்டாங்க.”

“இப்பவே போட்டுத் தந்துடறேங்க” என்று இவள் பேனாவை எடுத்தாள். பிளாஸ்டிக்கில் மை நிற்கவில்லை, வழுக்கிக்கொண்டே போனது. அப்பா அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கல்லூரி இடமும் கைமாறியிருந்தது. அம்மாவின் பக்கத்திலேயே இவளுக்கும் ஓர் இஸ்திரிப்பெட்டி கிடைத்தது.

அடுத்த வருடம் தங்கை பள்ளியை முடித்து, கல்லூரி விண்ணப்பத்தோடு வந்து நின்றாள். அப்பா அதை வாங்கி நாலாக மடித்தார்.

“படிச்சவளுக்கே ஒரு காகிதத்தப் புரிஞ்சுக்கத் தெரியல. உனக்கு எதுக்கு?”

லேமினேட் செய்யக் கொடுத்தது யார் என்று அக்கா கேட்டிருக்கலாம். தங்கை அக்காவையே பார்த்தாள். அக்கா எழுந்து அடுப்படிக்குப் போனாள். மறுநாள் காலை அம்மா, அக்கா, தங்கை மூன்று பேரும் சேர்ந்து சலவைக்கடைக்குப் போனார்கள்.