தாலியோட லேத்து ஓட்டுறது எப்படி

வீட்டுல இரும்பு கடையிற லேத்து மெஷின் ஒண்ணு வச்சுக்கணும்னு ஆசைப்படுற புண்ணியவான்களுக்கு என்னோட முதல் புத்திமதி: இன்டர்நெட்டுல வெள்ளைத் தாடி வச்ச வெள்ளைக்காரத் தாத்தாமார் சொல்றதக் கேளுங்க. மோதிரத்தக் கழட்டு, வாட்சக் கழட்டு, கையுறை போடாதே, நீளக்கை சட்டை வேணாம், முடிய இறுக்கிக் கட்டு. எல்லாம் நூத்துக்கு நூறு சரி. தொங்குறது எதுவா இருந்தாலும் சுத்துற இரும்பு இழுத்துக்கும், கூடவே உங்களையும் இழுத்துக்கும். ஆனா கழுத்துல தாலிக்கொடியும் வாசல்ல மாமியாரும் இருக்கிற பொம்பளை என்ன செய்யணும்னு கேட்டா, அந்தத் தாத்தாமார் ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டாங்க. அதனால நான் சொல்றேன்.

நான் மலேசியாவுல, காஹாங் பக்கம் செம்பனைத் தோட்டத்துல பொறந்தவ. ஜொகூர் பாருவுல ஒரு ஃபேக்டரியில பதினோரு வருஷம் லேத்து ஓட்டுனேன். ஆளக் குறைக்கிறோம்னு சொல்லி என்னையும் குறைச்சாங்க. வீட்டுல சும்மா உக்காந்தா எனக்குக் கிறுக்குப் பிடிச்சிடும். பெக்கான் நானாஸ்ல ஒரு தவுக்கே, அதான் சீன முதலாளி, பட்டறைய மூடுறாருன்னு கேள்விப்பட்டு, ஒரு சின்ன லேத்த வாங்கிட்டு வந்து கார் போர்ச்சுல இறக்கிட்டேன். என் புருஷன் கொஞ்ச நேரம் அதையே சுத்திச் சுத்திப் பாத்தாரு. அப்புறம், சரி, என் மோட்டார் சைக்கிள் வெளியில நிக்கட்டும்னு சொல்லிட்டு சாப்பிடப் போயிட்டாரு. தெனமும் விடியக்காலையில அந்த மோட்டார்லதான் பாலத்தத் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போறாரு. கோவம்னா என்னன்னே தெரியாத ஜென்மம்.

ரெண்டாவது புத்திமதி: மெஷின வைக்கிறதுக்கு முன்னாடி தரை மட்டத்தப் பாருங்க. மழைத்தண்ணி ஓடணும்னு போர்ச் தரையச் சரிவா போட்டிருப்பான். நான் பெரிய அனுபவசாலி இல்லையா, அதப் பாக்கல. மெஷின் படுக்கை லேசா முறுக்கிக்கிச்சு. ஒரே அளவுல வர வேண்டிய கம்பி கேரட்டு மாதிரி வந்துச்சு. மூணு நாள் மெஷின் காலுக்கடியில தகடு வச்சு வச்சு எடுத்து, அப்புறந்தான் நேராச்சு.

இப்ப என் மாமியார். அத்தைன்னுதான் கூப்பிடுவேன். எங்க கூடத்தான் இருக்காங்க. தோசை மாவு ஆட்டி எங்க தாமான், அதான் குடியிருப்பு, முழுக்க வீடு வீடா விக்கிறவங்க. அவங்க கிரைண்டர் போடுற சத்தத்துக்கு முன்னாடி என் லேத்து பச்சப்புள்ள. மாமனார் போய்ப் பதினெட்டு வருஷம் ஆச்சு. மோட்டார்ல வேலைக்குப் போனவரு, திரும்பி வரல. அதனால மகன் மோட்டார எடுத்தா, அவன் போய்ச் சேந்துட்டேன்னு மெசேஜ் அனுப்புற வரைக்கும் அத்தைக்குப் பச்சத்தண்ணி இறங்காது.

முதல் நாள் மெஷின ஓட்டுறதுக்கு முன்னாடி தாலியக் கழட்டி சுவத்து ஆணியில மாட்டுனேன். காப்பி கொண்டாந்த அத்தை அதப் பாத்துட்டாங்க. அவன் அங்க பாலத்து மேல மோட்டார்ல போய்க்கிட்டு இருக்கான், நீ இங்க தாலிய ஆணியில மாட்டி வச்சிருக்கியான்னு கேட்டாங்க. சாதாரணமா ஒரு பதிலச் சொல்லிட்டுப் போயிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா?

"பதினோரு வருஷமா தெனமும் ஃபேக்டரி லாக்கர்லதான் அத்தை மாட்டி வச்சேன். உங்க மகன் ஒரு நாள் கூட சாகலயே."

அலமாக். சொன்ன உடனேயே நாக்கக் கடிச்சுக்கிட்டேன். அத்தை காப்பிய மெஷின் மேலயே வச்சிட்டு உள்ள போயிட்டாங்க. அதுக்கப்புறம் ஒன்பது நாள் என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. குழம்புல உப்பு கம்மின்னா கூட மாவுச் சட்டியப் பாத்துத்தான் சொன்னாங்க.

பத்தாவது நாள் அவங்க கிரைண்டர் படுத்துக்கிச்சு. கல்லு சுத்துற நடுத்தண்டு தேஞ்சு போய், போட்டா தடதடன்னு ஆடுது. ரெண்டு நாள்ல பக்கத்து தாமான்ல ஒரு வளைகாப்பு, இட்லி மாவு அவங்க பொறுப்பு. கடைக்காரன், இந்த மாடலுக்கெல்லாம் இப்ப சாமான் வர்றதில்ல, புதுசு வாங்கிக்குங்கன்னுட்டான். அத்தை என்கிட்ட வாயத் தொறந்து கேப்பாங்களா? தேஞ்ச தண்டக் கழுவித் தொடச்சு என் மெஷின் மேல வச்சிட்டுப் போயிட்டாங்க.

செஞ்சு குடுக்கணும்னு எனக்கும் ஆசதான். ஆனா தாலி? அன்னைக்கு ராத்திரி சாப்பாட்டுல என் புருஷன் ரெண்டு பேருக்கும் நடுவுல உக்காந்து ஒரு யோசனை சொன்னாரு. சட்டைக்குள்ள போட்டு, ஊக்கு குத்தி, கழுத்து வரைக்கும் பட்டனப் போட்டுக்கோயேன்னாரு. அத்தை மாவுச் சட்டியப் பாத்துத் தலையாட்டுனாங்க. நானும் தலையாட்டுனேன். ஃபேக்டரியில புதுசா வந்த ஒருத்தி இப்படிக் கேட்டிருந்தா, செருப்பால அடிப்பேன்னு சொல்லியிருப்பேன். பதினோரு வருஷ அனுபவம் உள்ள கழுதை நான், மாமியார் ரெண்டு வார்த்தை பேசினாப் போதும்னு ஒத்துக்கிட்டேன்.

மறுநாள் காலையில அத்தை ஒரு பிளாஸ்டிக் முக்காலியப் போட்டு வாசப்படியில உக்காந்துட்டாங்க. தாலி எங்கயும் போயிடாமக் காவல்.

தண்டுக்கு எவர்சில்வர் கம்பி எடுத்தேன். எவர்சில்வர அறுக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை: அதத் தடவிக் குடுக்காதீங்க. பயந்து பயந்து லேசா சீவுனா, மேல்தோல் இறுகிப் போய் அடுத்த தடவை உளிய ஏறவே விடாது. கொஞ்சம் ஆழமா, நிறுத்தாம, எண்ணெய் விட்டுக்கிட்டே அறுக்கணும். அது சீவலாவும் உதிராது, நூடுல்ஸ் கணக்கா நீளமா வரும். அதக் கையால இழுத்தீங்க, விரலு போச்சு. கொக்கி வச்சு எடுங்க.

முக்கால்வாசி வேலை முடிஞ்சு கடைசிச் சீவல். கல்லுல இறுக்கமா உக்கார வேண்டிய எடம். மழை இருட்டு வேற. சரியாத் தெரியலன்னு குனிஞ்சு, இன்னும் குனிஞ்சு, உளி முனையையே பாத்துக்கிட்டு இருந்தேன். திடீர்னு மெஷின் செத்துப் போச்சு. திரும்புனா அத்தை சுவிட்சு மேல கைய வச்சிக்கிட்டு நிக்கிறாங்க.

எனக்கு வந்துச்சே கோவம். கடைசிச் சீவல்ல நிறுத்துனா கம்பியில தழும்பு விழுந்துடும்னு கத்துறதுக்கு வாயத் தொறந்தேன். அத்தை என் நெஞ்சுக்கு நேரா விரல நீட்டுனாங்க. ஊக்கு தெறிச்சு, மேல் பட்டன் கழண்டு, கொடி வெளியில தொங்கிக்கிட்டு இருந்துச்சு. கம்பியப் பிடிச்சிருக்கிற அந்த இரும்புத்தலை இன்னும் ஓய்ஞ்சு ஓய்ஞ்சு சுத்திக்கிட்டு இருக்கு. அதுக்கும் தாலிக்கும் நடுவுல ரெண்டு விரக்கடை கூட இல்ல. அறுந்து போற நூல் சங்கிலி இல்லீங்க, அஞ்சு பவுனுக்கு அழுத்தமாச் செஞ்ச கொடி. என் கழுத்துதான் முதல்ல போயிருக்கும். பயத்துல அழுதுட்டேன், வெக்கமே இல்லாம.

அத்தை கிட்ட வந்தாங்க. தாலிய உள்ள தள்ளி விடப் போறாங்கன்னு நெனச்சேன். என் தலை வழியா அதக் கழட்டிட்டாங்க. எங்க கல்யாணத்துல தாலித் தட்டு ஆசீர்வாதத்துக்குச் சுத்தி வந்தப்ப, நான் தொடக் கூடாதுன்னு சொல்லிப் பின்னால போய் நின்ன மனுஷி. பதினெட்டு வருஷமா யார் தாலியையும் தொட்டதில்ல.

"அவரு போனப்புறந்தான் என்னோடதக் கழட்டுனாங்க," அப்படின்னாங்க. "கழட்டுனதால போகல."

நான் தோளுலயே கண்ணத் தொடச்சுக்கிட்டேன். அவங்களே, வேலையப் பாருடி, மாவு ஆட்டணும்னு சொன்னாங்க.

சொல்லிட்டாங்களே தவிர, மனசு கேக்கல. கொடியக் கைக்குள்ள மூடிப் பிடிச்சுக்கிட்டு மகனுக்கு ஃபோன் போட்டாங்க. போய்ச் சேந்துட்டியா, சாப்பிட்டியா, என்ன கறி, நேத்துக் கறியா, ஏன் நேத்துக் கறின்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. சூப்பர்வைசர் முறைக்கிறாரும்மான்னு அவரு கெஞ்சுறது எனக்கே கேட்டுச்சு. முறைக்கட்டும், நீ லைன்லயே இருன்னுட்டாங்க.

நான் மெஷினத் திரும்பப் போட்டு, தழும்ப எடுத்து, நிறுத்தி, அளந்து, கையத் தொடச்சேன். அவங்க அப்பத்தான் ஃபோன வச்சாங்க. நான் தலையக் குனிஞ்சேன். அத்தை ரெண்டு கையாலயும் தாலிய எனக்குப் போட்டு விட்டாங்க.