நாளைக்கும் நாலு டிகிரி

லேபிள் சிஸ்டர் பஸ்ஸில் ஏறினால் கம்பியைப் பிடிக்க ஒரு கைதான் மிஞ்சும். இன்னொரு கை ஒரு பிளாஸ்டிக் ஃபைலை நெஞ்சோடு அணைத்திருக்கும். ஏதோ சொத்துப் பத்திரம் என்று நினைத்து மற்றவர்கள் நகர்ந்து இடம் விடுவார்கள். உள்ளே இருப்பது நர்சிங் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், கவுன்சில் பதிவு. எல்லாமே ஒரிஜினல்.

இந்தப் பேர் முன்பு இருந்த ஊரின் ஆஸ்பத்திரியில் வைத்தது. திறந்த மருந்து பாட்டில் எதுவானாலும் தேதி, நேரம், கையெழுத்து எழுதி லேபிள் ஒட்டாமல் விடமாட்டாள். பதினேழு வருஷப் பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. ஷாம்பு பாட்டில் திறந்த தேதி அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

"என் நெத்தியிலயும் ஒண்ணு ஒட்டிடேன், கல்யாணத் தேதி போட்டு" என்று கணவர் ஒருநாள் கேட்டார்.

"காலாவதி தேதியும் சேர்த்துப் போடணும். பரவாயில்லையா?"

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு குளிக்கப் போனார்.

கணவர் பெயிண்ட் கம்பெனி குடோனுக்குப் பொறுப்பாளர். கம்பெனி அவரைத் தூக்கி இந்த நகரத்தில் போட்டது. குடும்பமும் கூடவே வந்து விழுந்தது. ஆஸ்பத்திரிகளுக்குக் குறைச்சல் இல்லாத நகரம். தெருவுக்கு இரண்டு. அதுவே அவளுக்கு உறுத்தியது. இத்தனை ஆஸ்பத்திரி இருந்தும் எல்லா வாசலிலும் 'நர்ஸ்கள் தேவை' என்று போர்டு தொங்குகிறது என்றால், உள்ளே போனவர்கள் எல்லாம் எங்கே போனார்கள்?

இதே நகரத்தில் இருந்த நாத்தனார் அதற்குள் தனக்குத் தெரிந்த வழியில் உதவினாள். "அண்ணி, எங்க அபார்ட்மென்ட்ல மூணாவது மாடியில ஒரு பெரியவர் இருக்கார். வேளைக்கு மாத்திரை குடுத்துட்டு பக்கத்துல உக்காந்தா போதும். டிவி பாத்துக்கிட்டே செய்ற வேலை. திங்கக்கிழமைக்குள்ள சொல்லிடுங்க, இல்லன்னா வேற ஆள் போட்டுடுவாங்க."

"அதுவும் நர்சிங்தானே" என்றார் கணவர்.

அறுவை சிகிச்சை வார்டில் ஒரே நேரத்தில் பன்னிரண்டு கட்டிலைக் கவனித்தவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். குடோனில் வேலை இருப்பது அவருக்கு அந்த நொடியில் ஞாபகம் வந்தது.

திங்கட்கிழமைக்குள் ஒரு வார்டு கிடைக்க வேண்டும். அதுவும் ஃபைல் கையை விட்டுப் போகாமல். இரண்டாவதுதான் கஷ்டம். இருபத்திரண்டு வயதில், முதல் வேலையில், கேட்டவுடனே ஒரிஜினலை எடுத்துக் கொடுத்தாள். அவள் வேலையை விட்டுப் போய்விடாமல் இருக்க, அது நாலு வருஷம் ஆஸ்பத்திரி பீரோவில் கிடந்தது. நல்ல வேலை ஒன்று வந்து, திருப்பிக் கேட்டபோது பீரோ சாவி தொலைந்துவிட்டது என்றார்கள். பதினோரு மாதம் சாவி கிடைக்கவில்லை. அந்த வேலை வேறு யாருக்கோ போன மறுவாரம் கிடைத்தது.

முதலில் போனது கண்ணாடி மாளிகை மாதிரி ஒரு ஆஸ்பத்திரி. வேலைக்கு ஆள் எடுக்கும் பெண்ணுக்கு வாய் மட்டும் சிரித்தது, கண் சிரிக்கவில்லை.

"ஒரிஜினல் எங்ககிட்ட இருக்கட்டும் மேடம். லாக்கர்ல பத்திரமா இருக்கும்."

"இப்பவும் பத்திரமாத்தான் இருக்கு."

"இல்ல மேடம், எங்க பாலிசி."

"உங்க ஒரிஜினல் எங்க இருக்கு?"

அந்தப் பெண்ணின் வாயும் சிரிப்பதை நிறுத்தியது. அடுத்த இரண்டு இடத்திலும் இதே கதை. ஒன்றில் பீரோவையே திறந்து காட்டினார்கள். அடுக்கடுக்காக ஃபைல்கள். ஜெயிலைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்த மாதிரி இருந்தது அவளுக்கு.

சனிக்கிழமை காலை நாலாவது ஆஸ்பத்திரி. முப்பது படுக்கை, லிஃப்ட் இல்லை. நர்ஸ்களுக்கெல்லாம் தலைவியான மேட்ரன் அம்மாள் குள்ளமாக, கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்திருந்தார்.

"ஜெராக்ஸ் குடுத்துட்டு உக்காரும்மா."

"ஒரிஜினல்?"

"எனக்கெதுக்கு அது?"

இதைவிடச் சந்தேகமான பதிலை அவள் வாழ்க்கையில் கேட்டதில்லை. கேட்டால் திருடன் என்று தெரிந்துகொள்ளலாம். கேட்காதவனை என்னவென்று நினைப்பது? நாலே நாளில் எல்லோரும் ஓடிவிடுகிறார்களோ? பீரோவே இல்லையோ?

மேட்ரன் ரவுண்ட்ஸ் போய்விட, அவளைக் கவுண்டர் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். சும்மா உட்காரத் தெரியாத கண் அங்கும் இங்கும் மேய்ந்தது. ஊசி வெட்டும் மெஷின் இருக்கிறது, சரி. குப்பைத்தொட்டி நிறம் பிரித்து வைத்திருக்கிறது, சரி. தடுப்பூசி வைக்கும் ஃபிரிட்ஜின் கதவில் வெப்பநிலைத் தாள் தொங்கியது. காலையும் மாலையும் பார்த்து எழுத வேண்டிய தாள். இன்று காலை நாலு டிகிரி. இன்று மாலை நாலு டிகிரி. நாளைக் காலை நாலு டிகிரி. எல்லாம் ஒரே பேனா, ஒரே கை.

கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மணி பதினொன்று.

மேட்ரன் திரும்பி வந்ததும் கேட்டுவிட்டாள். "மேடம், நாளைக்கு காலையில ஃபிரிட்ஜ் எவ்ளோ இருக்கும்னு இன்னிக்கே எப்படித் தெரியும்?"

மேட்ரன் கண்ணாடியை மேலே தள்ளி இவளை உச்சி முதல் பாதம் வரை பார்த்தார். பிறகு உள்ளே போனார். ஐந்தாவது நிமிஷம் ஆயாம்மா சாசரோடு காபி கொண்டுவந்தாள்.

"எடுத்துக்குங்க மேடம். ஃபேன் போடவா மேடம்?"

வேலை தேடி வந்த நர்ஸுக்குச் சாசரோடு காபி! அவள் காபியை மோந்து பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தாள். அதற்குள் மருந்து ரிஜிஸ்டர், கிருமிநீக்க ரிஜிஸ்டர், ஆக்ஸிஜன் ரிஜிஸ்டர் என்று மேஜையில் ஒவ்வொன்றாக வந்து அடுக்கப்பட்டன. போன வருஷத்துப் பாக்கி வேலையை எல்லாம் என் தலையில் கட்டப் பார்க்கிறார்கள் என்று அவள் முடிவே செய்துவிட்டாள்.

மேட்ரன் எதிரே உட்கார்ந்தார். குரல் இறங்கியிருந்தது.

"நீங்க எந்த ஆபீஸ்லேருந்து வந்திருக்கீங்க மேடம்?"

"ஆபீஸா? வேலை கேட்டு வந்திருக்கேன்."

"பதினேழு வருஷ சர்வீஸ்னு எழுதிக் குடுத்தவங்க இங்க எதுக்கு வேலை கேக்கணும்? இன்ஸ்பெக்‌ஷன்னா சொல்லிடுங்க, நாங்களும் மனுஷங்கதான்."

"சத்தியமா நர்ஸ்தான்."

"அப்போ ஒரிஜினலைக் காட்டுங்க."

அவள் கை ஃபைலை இறுக்கிக்கொண்டது. "பாத்தீங்களா, கடைசியில கேட்டுட்டீங்க!"

"நான் வெச்சுக்கக் கேக்கல. பாக்கக் கேக்கறேன்."

"பாக்கறேன்னுதான் எல்லாரும் வாங்குவாங்க."

"சரி, நீங்களே பிடிச்சுக்குங்க. நான் தொடல."

மேட்ரன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தார். அவள் ஓரத்தை விடாமல் சான்றிதழை மேஜையில் விரித்தாள். மேட்ரன் பேரைப் பார்க்கவில்லை, முத்திரையைப் பார்க்கவில்லை. இடது ஓரத்தில் பஞ்ச் மெஷின் போட்ட இரண்டு ஓட்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பீரோ ஃபைலில் கோர்ப்பதற்காக யாரோ போட்ட ஓட்டை. ஒன்று கல்லூரி முதல்வரின் கையெழுத்து வழியாகவே போயிருந்தது.

"எத்தனை வருஷம் வெச்சிருந்தாங்க?"

"நாலு. அப்புறம் பதினோரு மாசம் சாவி இல்ல."

"என்னோடது ஆறு" என்றார் மேட்ரன். "என் பேருலயே ஓட்டை."

ரிஜிஸ்டர்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அந்த நாலு டிகிரிக்குக் காரணத்தை ஒளிக்காமல் சொன்னார். ஆள் இல்லை, ஒருத்தியே மூன்று பேர் வேலையைச் செய்கிறாள், எழுத நேரமில்லாமல் சேர்த்து எழுதிவிடுகிறாள், இனி அந்தத் தாள் உன் பொறுப்பு, திங்கட்கிழமை ஏழு மணிக்கு வா என்றார். வேலை உத்தரவில் பேரை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வருகைப் பதிவேட்டைத் திருப்பி, அவள் பேர் சேர்த்த வரியையும் காட்டினார்.

அவள் இரண்டையும் மூன்று முறை படித்தாள்.

"மேடம், திங்கக்கிழமை கட்டத்துல 'வந்தார்'னு போட்டிருக்கீங்க."

"வருவேல்ல?"

"அது திங்கக்கிழமை தெரியும்."

பேனாவை வாங்கி, தப்பான எழுத்தை வார்டில் எப்படி அடிப்பார்களோ அப்படியே, ஒரே கோடு கிழித்து, பக்கத்தில் தேதி, நேரம், கையெழுத்துப் போட்டாள். மேட்ரன் அந்தக் கையெழுத்தைப் பார்த்துச் சிரித்தார். ஏன் சிரித்தார் என்று பஸ்ஸில் பாதி வழி வரை யோசித்தாள். வேலையில் சேருமுன்பே அந்த ரிஜிஸ்டரில் தான் கையெழுத்துப் போட்டுவிட்டது அப்போதுதான் உறைத்தது.

வீட்டில் கணவர் ஃபைலைத்தான் முதலில் பார்த்தார். அது அவள் நெஞ்சோடு இருந்தது.

"கிடைக்கலையா?"

"கிடைச்ச மாதிரிதான் இருக்கு."

நாத்தனார் போன் செய்தாள். "என்ன அண்ணி, பெரியவர் வீட்டுக்கு என்ன சொல்லட்டும்?"

"வேற ஆள் பாத்துக்கச் சொல்லிடு" என்றாள் லேபிள் சிஸ்டர். ஃபைலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "ஆனா திங்கக்கிழமை பத்து மணிக்கு மேல சொல்லு."